நாகசாகி: குண்டு விழுந்த ஊர் மட்டும்தானா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

நாகசாகி என்ற பெயரைக் கேளாதார் நம் கல்லூரியில் இரார். பள்ளி வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டாம் உலகப் போரின் கடைசிப் பத்தியில், ஹிரோஷிமாவின் பின்னே ஒட்டிக்கொண்டு வரும் பெயர் அது. அந்த ஒரு வரியோடு அவ்வூரை மூடி வைத்துவிடுகிறோம். அணுக்கரு இயற்பியல் பாடத்துக்காகச் சில நூல்களைப் புரட்டியபோது, குண்டுக்கு முன்னே ஏறத்தாழ நானூறு ஆண்டு வரலாறு அத்துறைமுகத்துக்கு உண்டு என்பதைக் கண்டு வியந்தேன். நாம் முதலாண்டில் படித்த நியூட்டனின் இயக்கவியல், ஜப்பானிய மொழிக்குள் நுழைந்ததும் அவ்வூர் வழியாகத்தான்!

முதலில் ஊரின் அமைப்பைக் காண்போம். ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளுள் தென்மேற்கே இருப்பது கியூஷூ. அதன் மேற்குக் கரையில் நாகசாகி அமைந்துள்ளது. பண்டை நாளில் ஆறுகள் அறுத்த பள்ளத்தாக்குகளுள் கடல்நீர் ஏறி நின்றதால் உண்டான கரை அது. எனவே குடா நீண்டும் குறுகியும் ஆழமாகவும் இருக்கிறது. சுற்றிலும் மலைகள் நின்று காற்றைத் தடுக்கின்றன. கப்பலுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமோ? ஆனால் மனிதர் வீடு கட்டச் சமநிலம் இல்லை. வீடுகள் மலைச்சரிவில் படிப்படியாக ஏறுகின்றன. குடாவின் தலைமாட்டில் இரண்டு பள்ளத்தாக்குகள் உள்ளன. கிழக்கே நாகாஷிமா ஆற்றங்கரையில் பழைய நகரம். வடக்கே உராகாமி ஆற்றுப் பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் நடுவே கொம்பிரா என்ற குன்று. இக்குன்றை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1571-ல் போர்த்துக்கீசியர் வணிகத்துக்கு வரத் தொடங்கியபின் சிற்றூராய் இருந்த நாகசாகி நகரமாயிற்று. வணிகரோடு பாதிரிமார் வந்தனர், கிறித்துவம் பரவிற்று. ஆட்சியாளர்க்கு அச்சம் பிறந்தது. 1597-ல் 26 கிறித்துவர்கள் நிஷிசாகா குன்றில் சிலுவையில் அறையப்பட்டனர். 1614-ல் அம்மதம் நாடு முழுதும் தடை செய்யப்பட்டது. போர்த்துக்கீசியர் 1639-ல் துரத்தப்பட்டனர். அவர்கள் விட்டுச் சென்றவை சில சொற்களும் பண்டங்களும். இன்றும் நாகசாகியில் புகழ்பெற்ற ‘கஸ்தேரா’ என்ற முட்டைக் கேக் அவற்றுள் ஒன்று. ரொட்டியை ஜப்பானியர் ‘பான்’ என்பர். ஈழத்துத் தமிழர் ‘பாண்’ என்பர். இரண்டுக்கும் தாய் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லே.

துறைமுகத்தில் விசிறி வடிவில் ஒரு செயற்கைத் தீவு 1636-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பெயர் தெஜிமா. பரப்பு நான்கு ஏக்கர்கூட இராது. முதலில் போர்த்துக்கீசியரை அடைத்துவைக்கக் கட்டிய அத்தீவுக்கு 1641-ல் டச்சுக்காரர் மாற்றப்பட்டனர். கரையையும் தீவையும் இணைக்க ஒரே ஒரு பாலம். அனுமதியின்றி அதைக் கடக்க இயலாது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பானில் ஐரோப்பியர் தங்கி வணிகம் செய்ய இருந்த இடம் அவ்வளவுதான்! சீன வணிகர்க்கும் 1689-ல் வேலியிட்ட தனிக் குடியிருப்பு அமைக்கப்பட்டது.

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. டச்சுக்காரர்க்குப் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டைகள் இருந்தன அல்லவா? சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் அவர்கள் கப்பலில் நாகசாகிக்குப் போயின. ஒருவகைக் கோடு போட்ட துணிக்கு ஜப்பானியர் இட்ட பெயர் ‘சந்தோமே’. அது நம் மயிலாப்பூரை அடுத்த சாந்தோமின் பெயரே! பின்னர் ஜப்பானிய நெசவாளரே அதைப்போல் நெய்யக் கற்றுக்கொண்டும் பெயரை மாற்றவில்லை. என் தந்தையார் கைத்தறி நெசவாளர். இச்செய்தியை அவரிடம் சொன்னபோது, “பாவு என்ன நம்பர் நூலாம்?” என்று கேட்டார். அதற்கு எந்த நூலிலும் விடை கிடைக்கவில்லை.

தெஜிமாவில் சரக்கைவிடப் பெரிதாகக் கைமாறியது கல்வி. டச்சுக்காரரோடு பேச அரசு மொழிபெயர்ப்பாளரை நியமித்திருந்தது. தந்தைக்குப் பின் மகன் எனப் பரம்பரையாக வந்த வேலை அது. விலைப்பட்டியல் எழுத வேண்டியவர்கள், கப்பலில் வந்த மருத்துவ நூலையும் வானநூலையும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினர். 1720-ல் மதத்தொடர்பற்ற அயல்நாட்டு நூல்கள் மீதிருந்த தடை தளர்ந்தது. மொதோகி ரியோயெய் என்ற மொழிபெயர்ப்பாளர் கோபர்னிகஸின் சூரிய மையக் கொள்கையை ஜப்பானியருக்கு எழுதிக் காட்டினார்.

அவர் வழியில் வந்தவர் ஷிஸுகி ததாவோ (1760 - 1806). இவர் இளமையிலேயே அரசு வேலையை விட்டுவிட்டு, வீட்டில் அமர்ந்து வாழ்நாளெல்லாம் படித்தார். நியூட்டனின் கொள்கைகளை விளக்கி ஜான் கீல் என்ற பேராசிரியர் இலத்தீனில் எழுதியவை டச்சு மொழியில் வந்திருந்தன. ஷிஸுகி அதை ஜப்பானியத்தில் ஆக்கித் தம் விளக்கங்களையும் சேர்த்து 1798 முதல் 1802 வரை மூன்று பகுதிகளாக எழுதி முடித்தார். இதிலுள்ள இடரை எண்ணிப் பாருங்கள். பொருள் புதிது, அதைச் சொல்லச் சொல்லே இல்லை. அவர் சொற்களைப் படைத்தார். புவியீர்ப்புக்கு ‘ஜூரியோகு’, அதாவது கனத்தின் விசை. மையநோக்கு விசைக்கு ‘கியூஷின்ரியோகு’. நடுவைத் தேடும் விசை. மையவிலக்கு விசைக்கு ‘என்ஷின்ரியோகு’. நடுவிலிருந்து அகலும் விசை. இருநூறு ஆண்டுகள் கழிந்தும் இச்சொற்கள் ஜப்பானிய மொழியில் வழங்கி வருகின்றன.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு முதலாண்டில் ஆங்கிலப் பாடநூலைத் திறந்தபோது, ‘சென்ட்ரிபீட்டல்’ என்ற சொல் என்னை ஒரு வாரம் மிரட்டியது. அது பள்ளியில் நான் படித்த மையநோக்கு விசையே என்று தெரிந்ததும் பயம் போயிற்று. அச்சொல்லைத் தமிழில் ஆக்கித் தந்தவர் யாரோ, அவருக்கும் ஷிஸுகிக்கும் உறவு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு சுவையான செய்தி: ஜப்பான் கதவடைத்திருந்த நிலையைக் குறிக்கும் ‘சகோகு’ என்ற சொல்லையும் 1801-ல் ஒரு மொழிபெயர்ப்பில் ஆக்கியவர் இவரே. கதவை அடைத்தவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. சாளரத்தருகே அமர்ந்திருந்தவர் வைத்தார்!

1859-ல் துறைமுகம் பிற நாட்டாருக்கும் திறக்கப்பட்டது. மேனாட்டு மருத்துவப் பள்ளி, இரும்புப் பட்டறை, கப்பல் கட்டும் தளம் என ஒவ்வொன்றாக வந்தன. அத்தளம் 1887-ல் மிட்சுபிஷி நிறுவனத்தின் உடைமையாயிற்று. போர்க்கப்பல்களும் ஆயுதங்களும் செய்யும் ஊர் என்பதாலேயே 1945-ல் அது அமெரிக்கரின் பட்டியலில் ஏறிற்று.

அவ்வாண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் விமானம் முதலில் போனது கொக்குரா நகருக்கு. அங்கே இலக்கு கண்ணுக்குத் தெரியவில்லை. எனவே நாகசாகிக்குத் திரும்பிற்று. காலை 11.02 மணிக்கு உராகாமி பள்ளத்தாக்கின் மேலே சுமார் 500 மீட்டர் உயரத்தில் புளூட்டோனியம் குண்டு வெடித்தது. அதன் ஆற்றல் ஹிரோஷிமா குண்டினும் மிகுதி. ஆயினும் அழிவு அங்கிருந்ததைவிடக் குறைவு. காரணம் முன்னே சொன்ன கொம்பிரா குன்று. வெப்பக் கதிரையும் அதிர்வலையையும் அது மறித்து நின்றதால் பழைய நகரம் பெரும்பகுதி பிழைத்தது. பள்ளத்தாக்கோ முழுதும் எரிந்தது. ‘குறைவு’ என்று எழுதக் கை கூசுகிறது. அவ்வாண்டு முடிவதற்குள் இறந்தோர் ஏறத்தாழ 74,000 பேர். தடைக்காலம் முழுதும், இருநூற்றைம்பது ஆண்டுகள் மறைவாகக் கிறித்துவம் காத்தவர்களின் வழித்தோன்றல்கள் உராகாமியில் வாழ்ந்தனர். அவர்கள் எழுப்பிய பேராலயம் வெடிப்பின் மையத்திலிருந்து அரைக் கிலோமீட்டரில் இருந்தது. அருகிலிருந்த மருத்துவக் கல்லூரியில் மர வகுப்பறைகளில் பாடம் கேட்டுக்கொண்டிருந்த மாணவர்கள் இருந்த இடத்திலேயே மாண்டனர். அவர்களும் நம் வயதினர்.

காத்த மலையே கொன்றதும் உண்டு. 1982 ஜூலை 23 இரவு, அடுத்துள்ள நாகாயோவில் ஒரே மணி நேரத்தில் 187 மில்லிமீட்டர் மழை கொட்டியது. சரிவுகள் சரிந்து வீடுகள் புதைந்தன. இறந்தோரும் காணாமற்போனோரும் 299 பேர். 1634-ல் சீனத் துறவி ஒருவர் கட்டிய, நீரில் நிழல் சேர்ந்து மூக்குக்கண்ணாடிபோல் தோன்றும் மெகானே பாலமும் பாதி உடைந்தது. அதைச் செப்பனிட்டு விட்டனர். கடலைத் தூர்த்ததால் நகருக்குள் மறைந்துபோன தெஜிமாவையும் மீட்டு, 2017-ல் புதுப் பாலம் போட்டுள்ளனர்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 9 காலை 11.02-க்கு அவ்வூர் அசையாமல் நிற்கிறது. ஆறு நாள் கழித்து, 15-ஆம் நாள் மாலையில் நேர்மாறு. அந்த ஆண்டில் யாரையேனும் இழந்த குடும்பத்தார், இறந்தவர்க்கென விளக்குகளால் அலங்கரித்த படகொன்றைச் செய்து, சேகண்டி முழங்க, காது செவிடுபடப் பட்டாசு வெடித்துத் தெரு வழியே இழுத்து வருகின்றனர். முன்பெல்லாம் படகுகளைக் கடலில் விடுவது வழக்கம். இப்போது கரையிலேயே பிரித்துவிடுகின்றனர். மறுநாள் காலை தெருவெங்கும் சிவப்புக் காகிதம் கிடக்குமாம்.