ஸ்கேல் போடாத படம்

பண்டசோழநல்லூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய வீடியோவை முழுசாகப் பார்த்தேன். புரோட்டானில் தொடங்கி அணு, செல், மனுஷன், பூமி, சூரியன், பால்வீதி என்று பத்துப் பத்து மடங்காகப் பெருக்கிக்கொண்டே போய், 9,300 கோடி ஒளியாண்டு அகலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பின்னணி இசை வேறு, பயமுறுத்துவதற்கென்றே. அதன் கீழே நீ எழுதியிருந்தாய்: "இதுக்கு முன்னாடி நாமெல்லாம் ஒண்ணுமே இல்ல பெரியப்பா. பிசிக்ஸ் படிச்சு என்ன ஆகப்போகுது?" முதல் செமஸ்டரிலேயே கேட்டுவிட்டாய். நல்லதுதான்.

நான் சர்வே துறையில் இருந்தவன். யாராவது ஒரு நிலத்தின் அளவைச் சொன்னால், "எந்தக் கல்லிலிருந்து பிடித்த அளவு?" என்றுதான் முதலில் கேட்போம். அந்த வீடியோவில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பூஜ்யங்களைக் கொட்டுகிறார்களே தவிர, யார் அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. உனக்கு வந்த மிரட்சி அந்த விடுபட்ட வரியால் வந்தது என்பது என் கணிப்பு.

உன் அப்பாவின் கழனிப் பத்திரத்தை எடுத்துப் பார். பேச்சில் நாம் குழி, மா என்போம். பத்திரத்திலோ ஆர், சென்டியார் என்று இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன கணக்கு. ஆர் என்பது 100 சதுர மீட்டர். அந்த மீட்டர் எங்கிருந்து வந்தது? வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்று 1791-இல் பிரான்சில் தீர்மானித்தார்கள். அதற்காக டன்கர்க்கிலிருந்து பார்சிலோனா வரை இரண்டு பேர் ஏழு வருஷம் போல முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போனார்கள். ஆக, ஏரிக்கரை ஓரத்து நம் கழனியின் அளவிலேயே பூமியின் அளவு உட்கார்ந்திருக்கிறது.

பூமியிலிருந்து அடுத்த படி சூரியன். அங்கேதான் புதுச்சேரி வருகிறது. உன் பாடப் புத்தகத்தில் இருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கெப்ளரின் விதியால் கோள்களின் தூரங்களை விகிதமாகச் சொல்ல முடிந்தது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை 1 என்று வைத்தால் சுக்கிரனுக்கு 0.72. ஆனால் அந்த 1 எத்தனை மைல் என்பதில் நம்பகமான பதில் இல்லை. சர்வேயர் பாஷையில், புலப்படம் இருக்கிறது, ஸ்கேல் இல்லை. சூரியனின் முகத்தைச் சுக்கிரன் கடந்து போகும்போது, பூமியில் தூர தூரமான இடங்களிலிருந்து நேரம் குறித்தால் அந்த ஸ்கேல் கிடைத்துவிடும் என்று எட்மண்ட் ஹாலி 1716-இல் வழி சொன்னார். அடுத்த கடப்புகள் 1761-இலும் 1769-இலும். ஹாலி அதற்கு முன்பே இறந்துவிட்டார்.

புதுச்சேரியிலிருந்து பார்க்க பிரெஞ்சு அகாதெமி அனுப்பிய ஆள் கியோம் லெ ஜாந்தி. 1760-இல் கப்பலேறினார். அவர் வந்து சேர்வதற்குள் 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துவிட்டார்கள். கடப்பு நடந்த ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில். சூரியன் தெரிந்தது, சுக்கிரன் தெரிந்தது; ஆடுகிற கப்பலில் நின்று அளவெடுக்கத்தான் முடியவில்லை. ஊர் திரும்பாமல் எட்டு வருஷம் இந்தப் பக்கமே தங்கினார். மணிலாவுக்குப் போய், அங்கிருந்து 1768-இல் புதுச்சேரி வந்தார். இடிந்து கிடந்த கோட்டையின் மேல் அவருக்கு ஒரு வானாய்வுக் கூடம் கட்டிக் கொடுத்தார்கள். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே ஒரு தொலைநோக்கி கொடுத்தார்கள். அப்போதுதான் முடிந்த சண்டையை நினைத்துப் பார்த்தால் அது பெரிய விஷயம்.

1769 ஜூன் 4 விடியற்காலை மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு விலகியது. மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்ததாம். 1771-இல் அவர் பிரான்சுக்குத் திரும்பியபோது, அவர் செத்துவிட்டதாக முடிவு கட்டிச் சொந்தக்காரர்கள் சொத்தைப் பிரித்துக்கொள்ள இறங்கியிருந்தார்கள். உயிரோடு இருக்கிறவர் சொத்துக்குப் பாகப் பிரிவினை கேட்டு வந்தவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் பகுதி எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அவர் தவறவிட்டதை மற்றவர்கள் எடுத்தார்கள். இரண்டு கடப்புகளின் அளவுகளையும் சேர்த்து லலாந்து என்ற வானியலாளர் 1771-இல் போட்ட கணக்கு சுமார் 15.3 கோடி கிலோமீட்டர். இன்றைய அளவு 14.96 கோடி. நீயே போட்டுப் பார். சூரியனிலிருந்து பார்த்தால் பூமியின் ஆரம் 8.794 விகலை (ஆர்க் செகண்ட்) கோணம் பிடிக்கும். பூமியின் ஆரம் 6,378 கிலோமீட்டர். ஒரு ரேடியனுக்கு 2,06,265 விகலை. பெருக்கி வகுத்தால் விடை உன் நோட்டில் வந்து நிற்கும். வந்த பிறகு அந்த எண் உன்னை மிரட்டுகிறதா என்று சொல்.

லெ ஜாந்தி இங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தமிழ்ப் பஞ்சாங்கக்காரர்களிடம் கிரகணக் கணக்குக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு 41 நொடி குறைவு; ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான மேயர் என்பவருடையது 68 நொடி கூடுதல் என்று அவரே எழுதினார். பலகறைகளைத் தரையில் பரப்பி வைத்து, வாய்பாட்டை மனசிலிருந்து சொல்லிப் போட்ட கணக்கு. இதைப் படித்ததும் வாட்ஸ்அப்பில் "முன்னோர்கள் எல்லாம் அறிந்தவர்கள்" என்று போட்டுவிடாதே. 1825-இல் புதுச்சேரியில் இதே முறையில் கணக்குப் போட்ட ஒருவரைப் பற்றி ஜான் வாரன் என்பவர் எழுதியிருக்கிறார். சூத்திரங்களுக்குப் பின்னால் இருக்கும் கோட்பாடு அந்த மனுஷருக்குத் தெரியாது. அந்த நினைவாற்றலைக் கும்பிடுகிறேன். ஆனால் நீ அப்படி ஆகிவிடக் கூடாது. 9,300 கோடி என்று ஒப்பிப்பவரும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

மிச்சப் படிகளை ஓட்டமாகச் சொல்கிறேன். சூரிய தூரம் தெரிந்ததும் பூமியின் சுற்றுப்பாதையே அடிக்கோடு ஆகிவிட்டது, 30 கோடி கிலோமீட்டர் நீளத்தில். அதன் இரண்டு முனையிலிருந்தும் பார்த்து 1838-இல் பெசல் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தைச் சொன்னார். பிறகு, ஒளி கூடிக் குறையும் ஒருவகை நட்சத்திரங்களில் அந்தக் காலஅளவுக்கும் உண்மையான பிரகாசத்துக்கும் தொடர்பு இருப்பதை ஹென்ரியெட்டா லெவிட் கண்டுபிடித்தார். அதைப் பிடித்துக்கொண்டு ஹபிள் ஆண்ட்ரோமெடா கேலக்ஸிக்குப் போனார். அவர் முதலில் சொன்னது சுமார் 9 லட்சம் ஒளியாண்டு. இன்று நாம் சொல்வது 25 லட்சம். கீழ்ப் படியில் வந்த பிசகு மேலே வரை போனது. அடிக்கோடு பிசகினால் கிராமமே பிசகும் என்று எங்கள் துறையில் சொல்வதுதான்.

சின்னப் பக்கமும் அப்படியே. மெல்லிய உலோகத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களை விட்டு, எந்தக் கோணத்தில் எத்தனை திரும்புகின்றன என்று கெய்கரும் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து எண்ணினார்கள். அந்தக் கோணங்களிலிருந்துதான் 1911-இல் ரதர்ஃபோர்டு அணுக்கருவைக் கண்டார். ஹைட்ரஜன் கருவை ஒரு மல்லாட்டைப் பயிறு அளவுக்கு வைத்தால் எலெக்ட்ரான் முன்னூறு மீட்டர் தள்ளி நிற்கும். இடையில் ஒன்றுமில்லை. அதைவிடப் பிடி கொடுக்காத நியூட்ரினோவை, காற்று மண்டலத்தில் பிறந்து வருவதை, 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே பிடித்தார்கள். தங்கம் தோண்டிய குழியில் இப்படியும் ஒரு வேலை.

"நாம ஒண்ணுமே இல்ல" என்றாயே. ஆண்ட்ரோமெடாவிலிருந்து இன்று வந்து சேரும் ஒளி 25 லட்சம் வருஷம் முன்னால் கிளம்பியது. அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் கருவிகளுக்கு வயது 15 லட்சம் வருஷம். நம் பக்கத்து ஆற்றங்கரையில் யாரோ உட்கார்ந்து கல்லைச் செதுக்கியபோது அந்த ஒளி பாதி வழிகூட வந்திருக்கவில்லை. கல்லைச் செதுக்கிய கூட்டத்தின் வழியில் வந்த ஒருத்தர் அதை வாங்கி, தூரமும் சொல்லிவிட்டார். இதில் எது சின்னது என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிராக்டிகல் வகுப்பில் விடை 9.8 வர வேண்டும் என்பதற்காக ரீடிங்கை ஜோடிக்காதே. எல்லாரும் செய்வார்கள், ரெக்கார்டில் கையெழுத்தும் விழும். பதினொரு வருஷம் அலைந்த லெ ஜாந்தி கடைசியில் மேகம் என்றுதான் எழுதினார். உன் ஊசல் தப்பாக ஆடினால் தப்பாக ஆடியது என்று எழுது.

பொங்கல் லீவுக்கு வரும்போது காலேஜில் கேட்டு ஒரு பைனாகுலர் வாங்கி வா. தை பிறந்தால் மழை மேகம் இருக்காது. ராத்திரி ஏழரை மணிக்கு மோட்டார் கொட்டகைப் பக்கம் போனால் வடமேற்கில் ஆண்ட்ரோமெடா மங்கலாகத் தெரியும். அதற்கு முன் ஒரு வேலை. மொட்டைமாடியின் இரண்டு மூலையிலிருந்தும் கோணம் பிடித்து, எதிரே இருக்கும் செல்போன் டவர் எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டும். நான் டேப் பிடித்துச் சரிபார்ப்பேன். விடையோடு, எவ்வளவு பிசகியிருக்கலாம் என்பதையும் பக்கத்தில் எழுது. அது இல்லாவிட்டால் மார்க் கிடையாது.

இப்படிக்கு,
பெரியப்பா