மலைத் தோட்டத்தில் மரக்குடில்: ஈரம் ஏறாமல் கட்டும் முறை

சேர்வராயன் மலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் காப்பி, மிளகு பயிரிடும் விவசாயிகள் சிலர், ஓய்வு நாடி வரும் நகரவாசிகள் தங்குவதற்காகத் தோட்டத்திலேயே மரக்குடில் அமைத்து வாடகைக்கு விடுகின்றனர். அவ்வாறு வருவோர் விரும்புவது நல்ல காற்றும் மரநிழலும் அமைதியுமே. ஆகவே குடில் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 12 அடிக்கு 16 அடியில் ஓர் அறையும், முன்புறம் ஒரு தாழ்வாரமும் போதும். ஆனால் காப்பி விலை சரியும் ஆண்டில் கைகொடுக்கும் என்று நம்பிக் கடன் வாங்கிக் கட்டிய குடில், கடன் அடைவதற்குள் தூணடி மக்கிச் சாய்ந்துவிட்டால், தோட்டத்து வருமானமும் சேர்ந்தே கரையும்.

எந்த மரம் நல்லது என்பதே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. மரத்தை எப்படி உலர்வாக வைத்திருப்பது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வியாகும். கட்டையை மக்கச் செய்யும் பூஞ்சாணங்கள், அதன் ஈரம் 20 சதவீதத்திற்குக் கீழே உள்ள வரையில் வளர்வதில்லை. மழையில் நனைந்து நனைந்து காயும் தேக்கைவிட, நனையாமல் நிற்கும் சாதாரண மரம் நீடித்து உழைக்கும்.

தோட்டத்து மரமே போதும்

காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்குப் படர்கொம்பாகவும் வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரம் பலகைக்கு ஏற்றது. இழை அழகாக இருக்கும். ஆயினும் தேக்கைப் போல் இயற்கையிலேயே கரையானையும் பூஞ்சாணத்தையும் தாங்கும் ஆற்றல் இதற்கு இல்லை. தேக்கிலும் அந்த ஆற்றல் வைரம் பாய்ந்த நடுப்பகுதிக்கே உண்டு. வெளிப்புறத்து வெள்ளைக் கட்டையைப் பூச்சி அரிக்கும். இளந்தேக்கில் வெள்ளைப் பகுதியே மிகுதி என்பதை மரவாடியில் விலை பேசும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

தன் பட்டா நிலத்து மரம்தானே என்று அனுமதி பெறாமல் வெட்டிவிடக் கூடாது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ள கிராமங்களில் முன் அனுமதி தேவை. குடில் கட்டவும் தனி அனுமதி வேண்டும். நீலகிரியின் சீகூர் பகுதியில் அரசு 2010-இல் அறிவித்த யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. அதற்கு முன்பே, 2018-இல், அங்கு அனுமதியின்றி நடந்த விடுதிகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது. முதல் கல் வைக்கும் முன் வன அலுவலகத்திற்கும் ஊராட்சிக்கும் நடப்பது அலைச்சல்தான். ஆனால் கட்டியதை இழப்பதைவிட அது மேல்.

பச்சையில் மருந்து, பிறகு உலர்த்தல்

அறுத்த பலகை பச்சையாக இருக்கும்போதே மருந்திட வேண்டும். 100 லிட்டர் நீரில் 2 கிலோ போரிக் அமிலமும் 3 கிலோ வெண்காரமும் கரைத்தால் 5 சதவீதக் கரைசல் கிடைக்கும். இதில் பலகைகளை ஒரு வாரம் மூழ்க வைத்து, எடுத்தபின் நெருக்கமாக அடுக்கி, பாலிதீன் தாளால் மூடி மேலும் இரண்டு மூன்று வாரம் வைத்திருக்க வேண்டும். கட்டையிலுள்ள நீரின் வழியாகவே மருந்து உள்ளே பரவுகிறது. காய்ந்த பலகையில் இம்முறை பலிக்காது.

இம்மருந்து மழையில் கரைந்து போய்விடும். ஆகவே கூரைக்குள் அடங்கிய பகுதிகளுக்கே இது தகும். மீந்த கரைசலைக் காப்பிச் செடியடியிலோ ஓடையிலோ கொட்டக் கூடாது. போரான் பயிருக்குத் தேவையான நுண்ணூட்டச் சத்துதான். ஆனால் அளவு மிஞ்சினால் இலை விளிம்பு கருகிச் செடி நலியும். செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து மழையில் கரையாமல் நிற்கும். இந்திய ஆய்வாளர் சொந்தி காமேசம் 1930-களில் கண்டுபிடித்து உலகெங்கும் பரவிய மருந்து இது. எனினும், ஆர்சனிக் கலந்திருப்பதால், விருந்தினர் கைபடும் சுவருக்கும் கைப்பிடிக்கும் இதனைப் பயன்படுத்தாமலிருப்பதே நன்று.

அடுத்தது உலர்த்தல். அவசரக்காரர்கள் இழப்பது இங்கேதான். பச்சை மரம் அகலவாட்டில் சுருங்கும். நீளவாட்டில் சுருக்கம் மிகச் சொற்பம். 10 அங்குல அகலப் பலகை காயும்போது கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை குறையலாம். பச்சைப் பலகையில் அடித்த சுவர் கோடையில் பல்லிளிப்பதற்கு ஆசாரியின் வேலை காரணமல்ல, அவருக்குக் கொடுத்த மரமே காரணம்.

நிழலில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஓர் அங்குலக் குச்சிகளை நேர்மேல் நேராக வைத்துப் பலகைகளை அடுக்க வேண்டும். முனைகள் விரைந்து காய்ந்து வெடிக்காமலிருக்க மெழுகோ பழைய பெயிண்டோ பூசலாம். ஓர் அங்குலப் பலகைக்கு இரண்டு மூன்று மாதமாவது ஆகும். மலைக் குளிரில் இன்னும் கூடும்.

காய்ந்துவிட்டதா என்பதைத் தராசைக் கொண்டு அறியலாம். பலகையின் நடுவிலிருந்து வெட்டிய துண்டு 230 கிராம் இருந்து, அடுப்புச் சூட்டில் எடை மேலும் குறையாத வரை உலர்த்தியபின் 200 கிராம் ஆனால், போன நீர் 30 கிராம். அதை உலர்ந்த எடையான 200-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஈரம் 15 சதவீதம். மலைப் பகுதியில் இந்நிலையில் வேலை தொடங்கலாம். துண்டைக் கருக விட்டால் கணக்குத் தவறும்.

அடியும் கூரையும்

மரத்தூணை மண்ணில் புதைக்கவே கூடாது. தரைக்கு மேல் இரண்டு அடி உயரும்படி கருங்கல் கால் நிறுத்தி, அதன்மேல் துத்தநாகத் தகட்டைக் குல்லாய் போல் ஓரம் கீழ்நோக்கி மடித்து வைத்து, அதற்கு மேல்தான் மரம் உட்கார வேண்டும். கரையான் தகட்டைச் சுற்றித்தான் மண்குழாய் கட்டி ஏற முடியும். அப்போது கண்ணில் பட்டுவிடும். குடிலுக்கடியில் ஆள் குனிந்து பார்க்க இடம் வைப்பதும் இதற்காகவே. ஒரு காலத்தில் அடித்தளத்திற்கு ஊற்றப்பட்ட ஆல்டிரின் இன்று தடை செய்யப்பட்டதாகும். எங்கோ மீந்திருக்கும் பழைய டப்பாவைத் திறக்க வேண்டாம்.

கூரையின் இறவாணம் சுவருக்கு வெளியே மூன்றடி நீள வேண்டும். சேர்வராயன் மலைக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழையும் உண்டு; சாரல் இரு திசையிலும் அடிக்கும். கட்டையின் வெட்டுமுனை பக்கவாட்டைவிடப் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். ஆகவே வெளியே நீட்டிய கைமரங்களின் முனைகளைப் பலகையாலோ தகட்டாலோ மூட வேண்டும்.

குளியலறையை மரக்குடிலுக்குள் வைப்பது பலரும் விரும்புவது. ஆனால் குடிலைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான். அதனைத் தனியே செங்கல்லில் கட்டி, கூரையிட்ட சிறு நடைபாதையால் இணைத்துவிடலாம். சமையலும் குடிலுக்கு வெளியிலேயே நடக்கட்டும். மின்கம்பிகள் முழுவதும் குழாய்க்குள் செல்ல வேண்டும். பெரிய சில்வர் ஓக் மரத்தடியில் குடில் வைப்பது படத்துக்கு அழகு. ஆனால் காற்றில் அதன் கிளைகள் எளிதில் முறியும்.

சுவருக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம். பூசிய துணியைக் குவித்துப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதைப் பலர் அறியார். துணியை விரித்துக் காயவிட வேண்டும், அல்லது நீரில் அமிழ்த்த வேண்டும். தரையின் அடிப்பக்கத்துக்கு முந்திரி ஓட்டு எண்ணெய் பூசலாம். தோலில் பட்டால் கொப்புளம் எழும், கையுறை அவசியம்.

ஆண்டுதோறும் புரட்டாசியில், வடகிழக்குப் பருவ மழைக்கு முன்பாக, குடிலடியில் குனிந்து சென்று ஒவ்வொரு தூணடியையும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும். நுனி எளிதாக இறங்கினால் அந்த இடத்தில் எங்கிருந்தோ நீர் வருகிறது. நீர் வரும் வழியை அடைத்துவிட்டுப் பிறகு மரத்தை மாற்ற வேண்டும்.