டாக்டருக்குப் படிக்க வந்தவர், நாவலாசிரியர் ஆனார்

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன். என் மகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். லூயிசா மே ஆல்காட் என்ற அமெரிக்கப் பெண் 150 வருஷத்துக்கு முன்பே நாவல் எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றினாராம். அந்தக் காலத்தில் நம் பக்கம் அப்படி ஒரு பெண்ணாவது இருந்தாரா, ஐயா?
– ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: இருந்தார் அம்மா. பெயர் கிருபாபாய் சத்தியநாதன். ஆனால் எழுத்து அவருக்குச் சோறு போட்டது என்று சொல்ல மாட்டேன். ஆல்காட்டுக்குப் போட்டது, அதுவும் 1868இல் ‘லிட்டில் விமன்’ வந்த பிறகுதான். அதற்கு முன் டீச்சர் வேலை, வீட்டு வேலை, உங்களைப் போலத் தையல் வேலை எல்லாம் பார்த்தவர் அவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நர்ஸாகப் போய் டைபாய்டோடு திரும்பினார்.

கிருபாபாய் பிறந்தது 1862இல், அகமத்நகரில். கிறிஸ்தவத்துக்கு மாறிய மராத்திப் பிராமணக் குடும்பம். அண்ணன்மார் பாடம் படிக்கும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு உட்காரும் பெண். தகப்பனார் சீக்கிரமே போய்விட்டார். கையில் புத்தகம் கொடுத்து வளர்த்த அண்ணன் பாஸ்கரும் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

டாக்டராக வேண்டும் என்பதுதான் அவருடைய கனவு. இங்கிலாந்தில் படிக்க உதவித்தொகை கிடைத்தும் உடல்நிலை விடவில்லை. 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முதல் வருஷத் தேர்வில் வேதியியல் தவிர மற்றதில் எல்லாம் முதலிடம். அந்த ஒரு வருஷத்தோடு உடம்பு படுத்துவிட்டது, படிப்பும் நின்றது. உங்கள் பக்கத்து வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918இல்தான். இவர் அதற்கு 40 வருஷம் முன்னாலேயே ஆண்கள் நிறைந்த வகுப்பில் உட்கார்ந்துவிட்டார்.

சென்னையில் தங்கியிருந்த வீட்டுப் பிள்ளை சாமுவேல் சத்தியநாதனை மணந்தார். கணவருக்கு ஊட்டியில் பள்ளித் தலைமையாசிரியர் வேலை. அங்கே இவர் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். முஸ்லிம்கள் நிறைய வாழும் ஆம்பூரைச் சேர்ந்த உங்களுக்கு இதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. ‘ஓர் இந்தியப் பெண்மணி’ என்ற பெயரில் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கியதும் ஊட்டியில்தான்.

பிறகு ராஜமுந்திரி, கும்பகோணம், மறுபடி சென்னை. ‘சகுணா’ என்ற நாவல் 1887–88இல் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசினில் தொடராக வந்தது. ஆல்காட் இறந்தது அதே 1888 மார்ச்சில். ‘லிட்டில் விமன்’ நாயகி ஜோ எப்படி ஆல்காட்டோ, அப்படித்தான் சகுணாவும் கிருபாபாயே. பெண்ணைப் படிக்க விடாத வீட்டை மட்டுமா எழுதினார்? இந்தியக் கிறிஸ்தவர்களை ஒரு படி கீழே வைத்துப் பார்த்த வெள்ளைக்கார மிஷனரிப் பெண்களையும் விடவில்லை. தானே கிறிஸ்தவராக இருந்துகொண்டு, கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையிலேயே! அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

பிறந்த ஒரே குழந்தை ஒரு வயதுகூட நிரம்பாமல் இறந்தது. காசநோய் முற்றிக்கொண்டிருந்த நாட்களில் ‘கமலா’ என்ற இரண்டாவது நாவலை எழுதி முடித்தார். ராஜம் ஐயரின் தமிழ் நாவல் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடராக வந்துகொண்டிருந்ததும் அதே சமயம்தான். 1894 ஆகஸ்டில் கிருபாபாய் காலமானார். வயது 32. ‘சகுணா’ புத்தகமானது மறு வருஷம், 1895இல்.

ஒன்றை மறைக்கக் கூடாது: அவர் எழுதியது ஆங்கிலத்தில். தாய்மொழியோ மராத்தி. அதனால் தமிழ் நாவல் வரலாற்றில் அவரை உட்கார வைக்க முடியாது. ஆனால் இரண்டு நாவலும் அந்தக் காலத்திலேயே தமிழில் பெயர்க்கப்பட்டன. எழுதியதெல்லாம் அன்றைய சென்னை மாகாணத்தில் வாழ்ந்துகொண்டு எழுதியதுதான்.

1998இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் இரண்டையும் மறுபதிப்பு செய்தது. மகளைக் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ‘சகுணா’வை முதலில் எடுக்கட்டும். ‘கமலா’ சிறு வயதிலேயே மணம் செய்து வைக்கப்பட்ட பெண்ணின் கதை, அழ வைக்கும்; பரீட்சை முடிந்து படிக்கலாம்.