காதிரைச்சல்

இரவில் விளக்கணைத்துப் படுத்தபின் சிலர் காதில் ஓர் ஓசை எழுகிறது. சிலருக்குச் சீழ்க்கை போல்; சிலருக்குச் சில்வண்டின் ரீங்காரம் போல். பக்கத்துக் கட்டிலில் கிடப்பவனுக்கோ ஒன்றும் கேட்பதில்லை. புறத்தே ஒலியின்றி எழும் இவ்வோசையே காதிரைச்சல்.

இதை முற்றிலும் நோயென்று தள்ளிவிட முடியாது. ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவர், செவிக்குறை இல்லாத 80 பேரை ஒலிபுகா அறையில் அமர்த்திச் சோதித்து, 1953-இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 94 பேருக்கு ஏதேனும் ஓர் ஓசை கேட்டதாம்!

அவ்வாறாயின், சிலரை மட்டும் இது உறங்கவொட்டாமல் வாட்டுவது ஏன்? உட்செவியில் நத்தையோடு போல் சுருண்ட குழாய் ஒன்று உண்டு. அதில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. ஒலியதிர்வை நரம்புக்குரிய மின்குறியாக மாற்றுவன அவையே. பேரொலியும் முதுமையும் சில மருந்துகளும் அவற்றை அழிக்கின்றன. கோழிக்கு அவை மீண்டும் முளைக்கும், மனிதனுக்கு முளைப்பதில்லை. (இந்த ஒன்றில் கோழி நம்மை வென்றது!)

ஆனால் ஓசை பிறப்பது காதில்தானா? செவிநரம்பை அறுத்த பின்னும் பலருக்கு இரைச்சல் நிற்கவில்லை; சிலருக்கு முன்னிலும் மிகுந்தது. ஆகவே மூளையைத்தான் நோக்க வேண்டியிருக்கிறது. காதிலிருந்து வரும் செய்தி குறைந்ததும், மூளை தன் உணர்திறனைத் தானே உயர்த்திக்கொள்கிறது என்பர் ஆராய்ச்சியாளர். தொலைவிலுள்ள நிலையத்தைப் பிடிக்க வானொலியின் திருகை முழுதும் திருப்பினால் வெறும் கரகரப்பே பெரிதாகக் கேட்பதில்லையா? அதுபோலத்தான். இக்கருத்து இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. எனினும், செவி பழுதுற்ற விலங்குகளின் மூளைத்தண்டில் நரம்பணுக்கள் ஒலியில்லாதபோதும் மிகையாகத் துடிப்பதைக் கண்டுள்ளனர்.

மருந்து? நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனி, மரப்பு மருந்தை ஊசிவழிச் செலுத்தினால் இரைச்சல் அடங்குவதை 1935-இலேயே குறிப்பிட்டார். அடங்கியது சிறிது நேரமே. இரைச்சலை அடியோடு போக்கும் மருந்து இன்றுமில்லை. விளம்பரச் சொட்டு மருந்துகளுக்குக் காசைக் கொட்டுவது வீண். காதுக்கு ஒலியும் நாவுக்கு மெல்லிய மின்துடிப்பும் தரும் கருவியொன்றுக்கு 2023-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. செவிப்புலன் குறைந்தவர்க்குக் காதுக்கருவி உதவலாம். மனப்பயிற்சி சிகிச்சையோ ஓசையைக் குறைப்பதில்லை. அதனால் விளையும் அல்லலைக் குறைக்கிறது. இதுவரை கிடைத்த சான்றுகளில் வலுவானவை இதற்கே உள்ளன. “ஒன்றும் செய்வதற்கில்லை” என்று கைவிரிப்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

ஒரு காதில் மட்டும் இரைந்தாலும், நாடித்துடிப்போடு ஒத்துக் கேட்டாலும், மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். திடீரெனக் காது மந்தமானால், தேர்வு முடியட்டுமென்று காத்திருக்கலாகாது. அதற்குரிய மருந்தை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பயன் மிகுதி.