கேசிங் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

முருங்கனிலும் நானாட்டானிலும் பிள்ளைகள் பலர் இப்போது பாகம் பாகமாக வாங்கித் தாங்களே கம்பியூட்டர் பூட்டுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் செயலிக்கும் கிராபிக்ஸ் காட்டுக்கும் மாதக்கணக்காக விசாரித்துக் காசு சேர்ப்பவர்கள், கேசிங் என்று வந்ததும் மிஞ்சிய காசுக்கு வடிவான ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எங்கள் வெயிலுக்கு அது சரிவராது.

1. முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். கேசிங் குளிரை உண்டாக்காது. உள்ளே பிறக்கும் சூட்டை வெளியே தள்ளும், அவ்வளவுதான். தகரக் கூரைக்குக் கீழே மத்தியான நேரம் அறைச் சூடு 35 பாகை என்றால், எத்தனை விசிறி பூட்டினாலும் உள்ளே போவது 35 பாகைக் காற்றுத்தான். குளிர்நாட்டில் இருந்து ஒருவர் சோதித்துச் சொல்லும் கணக்கோடு ஏழெட்டுப் பாகையாவது கூட்டிப் பாருங்கள். இன்டெல் செயலிகள் பல 100 பாகையை எட்டியதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய வேகம் அங்கேயே போய்விடுகிறது.

2. முன்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். முகப்பில் முழுக் கண்ணாடி, அதற்குப் பின்னால் கலர் கலராக மூன்று விசிறி: கடையில் முதலில் கண்ணில் படுவது இதுதான். ஆனால் அந்த விசிறிகளுக்குக் காற்று ஓரத்தில் உள்ள ஒடுங்கிய பிளவால்தான் வரவேண்டும். துளைத்தகடோ வலையோ போட்ட முகப்பு என்றால் காற்று நேரே உள்ளே வரும். பாண்டெக்ஸ் நிறுவனம் முகப்பு மூடிய தன் பி400 கேசிங்கை, 2019இல் வலை முகப்போடு பி400ஏ என்று மறுபடி இறக்கியது. அதன் பின் விலை குறைந்த கேசிங்குகளிலும் வலை முகப்பு பரவலாகிவிட்டது. ஆகவே காசு போதாது என்று கண்ணாடி முகப்பை வாங்கத் தேவையில்லை. கடையில் முன்பலகையைக் கழற்றித் தரச்சொல்லி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சிலவற்றில் வெளியே வலை மாதிரித் தெரியும், பின்னால் பிளாஸ்டிக் தகடு அடைத்திருக்கும். வெளிச்சம் வராத இடத்தால் காற்றும் வராது.

3. முன்னே 120 மில்லிமீற்றர் விசிறி இரண்டு உள்ளிழுக்க, பின்னே ஒன்று வெளியே தள்ள. தொடங்குபவருக்கு இது தாராளம். உள்ளே வரும் காற்று வெளியே போவதை விடச் சற்றுக் கூட இருந்தால், தூசி இடுக்குகளால் நுழையாமல் வடிகட்டி உள்ள வழியாலேயே வரும். விசிறியின் சட்டத்தில் குறுக்குக் கால்கள் தெரியும் பக்கத்தால்தான் காற்று வெளியேறும். பூட்ட முன் அதைப் பாருங்கள்.

4. தூசி எங்களுக்குத் தனிப் பாடம். மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். காலபோக அறுவடை நேரம் வைக்கோல் தூசி. கட்டுக்கரைக்குளத்து வயல்களை ஒட்டி வீடு உள்ளவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. முன்னுக்கும் அடியிலும் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி உள்ளதா என்று பாருங்கள். புழுதிக் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை பைப் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். நுளம்பு வலையை வெட்டி ஒட்டினால் வைக்கோல் நிற்கும், நுண்தூசி நிற்காது. பேசாலை, தலைமன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகள் உப்புக் காற்றையும் நினைக்கவேண்டும்: உள்பக்கமும் ஒழுங்காகப் பெயின்ற் அடித்த தகடுதானா என்று பார்த்து எடுங்கள்.

5. பின்பக்கத் துளை மூடிகள் திருகாணி போட்டவையாக இருக்கட்டும். மலிவானவற்றில் முறித்து எடுக்கும் தகடுதான் வரும்; ஒருமுறை முறித்தால் திரும்பப் பூட்டமுடியாது. அந்த ஓட்டையால் எறும்பும் பல்லியும் போகும். பல்லி மதர்போட்டில் விழுந்து ஷோட் ஆனால் செலவு கேசிங் விலையைத் தாண்டிவிடும்.

6. கேசிங்கோடு சேர்த்துக் கொடுக்கும் பவர் சப்ளையை நம்பவேண்டாம். மேலே எத்தனை வாட்ஸ் என்று எழுதியிருந்தாலும் சரி. அது இல்லாத கேசிங்கை வாங்கி, பவர் சப்ளையைத் தனியே தரமாக எடுங்கள்.

7. அளவு. ஏரிஎக்ஸ் மதர்போட் 30.5க்கு 24.4 சென்ரிமீற்றர், மைக்ரோ ஏரிஎக்ஸ் 24.4 சதுரம். செயலிக் குளிரூட்டியின் உயரத்தையும் கிராபிக்ஸ் காட்டின் நீளத்தையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

8. கொழும்பு பம்பலப்பிட்டிக் கடைகளில் வாங்கி பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுவருபவர்கள் கேசிங் வந்த பெட்டியையும் ரெஜிபோமையும் எறியவேண்டாம். பக்கக் கண்ணாடி மதவாச்சி தாண்டுமுன்னரே வெடித்துப் போகலாம். பக்கம் இரும்புத் தகடாக இருந்தால் அந்தப் பயமும் இல்லை, விலையும் குறைவு.

9. வீட்டில் சீமெந்து நிலத்தில் வைக்காதீர்கள். பவர் சப்ளை அடியால்தான் காற்று எடுக்கும். பலகை போட்டு உயர்த்தி, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கம்பியூட்டர் மேசையின் மூடிய அறைக்குள் வைத்தால் வலை முகப்பு வாங்கியும் பயனில்லை.

10. பூட்டி முடித்ததும் அரை மணி நேரம் பாரமான விளையாட்டொன்றை ஓடவிட்டுச் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முன்பலகையைக் கழற்றிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். ஓரிரு பாகை குறைந்தால் கேசிங் நல்லது. பத்துப் பாகை குறைந்தால் செயலியையோ கிராபிக்ஸ் காட்டையோ குறை சொல்லாதீர்கள்; வேறு கேசிங் வாங்கும் வரை அந்தப் பலகையைக் கழற்றி வைத்தே பாவியுங்கள்.