ரவுட்டருக்கு இரண்டு பூட்டு

இரும்புப் பெட்டியைப் பூட்டாது வீடு திரும்பும் காரியதரிசி எவருமில்லர். ஆயினும், அங்கத்தினர் கணக்குகள் சென்று வரும் ரவுட்டர் பூட்டப்படாதிருப்பதைத் தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் நாம் கண்டு வருகிறோம்.

ரவுட்டருக்குக் கடவுச்சொற்கள் இரண்டு. ஒன்று, வைஃபையில் இணைவதற்கு. மற்றொன்று, ரவுட்டரின் அமைப்புகளையே மாற்றுவதற்கு. முன்னதை மாற்றுவோரும் பின்னதை மறந்துவிடுகின்றனர். தொழிற்சாலையில் இட்ட சொல், அவ்வகைக் கருவிகள் பலவற்றிற்கும் பொதுவாயிருத்தல் கூடும். 2016ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் தீநிரல், மாற்றப்படாத இத்தகைய சொற்களைக் கொண்டே இலட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது.

செய்யவேண்டுவன வருமாறு:

1. கருவியைப் பொருத்திய அன்றே இரு சொற்களையும் வெவ்வேறாக, நீளமாக மாற்றுக.

2. பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.3 என்பதைத் தேர்க, அஃதில்லையேல் டபிள்யூ.பி.ஏ.2. பழைய டபிள்யூ.இ.பி. முறையின் பலவீனம் 2001லேயே வெளிப்பட்டுவிட்டது, அது வேண்டா.

3. ரவுட்டரின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க.

4. நூல் வாங்கவும் விளைபொருள் போடவும் வருவோர்க்கு விருந்தினர் இணைப்பைத் தனியே அளிக்க.

கடவுச்சொற்களைச் சுவரில் ஒட்டாது, எழுதி இரும்புப் பெட்டியில் வைக்க. காரியதரிசி மாறும்போது சாவி கைமாறுவது வழக்கம்; அன்றே இச்சொற்களும் மாற்றப்படுதல் வேண்டும். அங்கத்தினரின் சேமிப்பு இவ்விரு பூட்டுகளையும் நம்பியிருக்கிறது.