பின்னால் பெய்யும் மழை: திரையரங்க ஒலி வீட்டுக்கு வரும் வழி

மாணவர்களே, சிம்பாங் ரெங்கம் கடைத்தெருவில், கடை வரிசையின் உட்புறமாகப் பாதுகாப்பாக நின்று, ஒரு நிமிடம் கண்களை மூடிக்கொள்ளுங்கள். இடப்பக்கமிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து, உங்களைத் தாண்டி வலப்பக்கம் மறைகிறது. பின்னால் யாரோ தேநீர் கலக்குகிறார்கள். அன்னாசி ஏற்றிய லாரி ஒன்று தூரத்தில் கியர் மாற்றுகிறது. மழை பிடித்துக்கொண்டால் தலைக்கு மேல் தகரக் கூரை தடதடக்கிறது. கண்ணைத் திறக்காமலேயே எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவீர்கள்.

இப்போது வீட்டுக்கு வாருங்கள். தொலைக்காட்சியில் ஓடும் படத்திலும் மழை பெய்கிறது. ஆனால், மழை, இடி, வசனம், பின்னணி இசை எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வருகின்றன. "என்ன சொன்னான்?" என்று பாட்டி கேட்கிறார். நீங்கள் ஒலியைக் கூட்டுகிறீர்கள். அடுத்த காட்சியில் ஒரு வெடி. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். இந்தச் சிக்கலுக்கான விடையில் பெரும்பகுதி உங்கள் இயற்பியல் பாடநூலின் 'அலைகள்' பகுதியிலேயே இருக்கிறது.

இரண்டு காதுகள், ஒரு நுண்ணிய கடிகாரம்

காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. நொடிக்கு எத்தனை மீட்டர் என்பதை ஏறத்தாழ 331 + 0.6 × வெப்பநிலை என்று கணக்கிடலாம். நம் ஊரின் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அது நொடிக்கு 349 மீட்டர்.

வலப்பக்கமிருந்து வரும் ஒலி வலக்காதை முதலில் அடைகிறது. பிறகு தலையைச் சுற்றிக்கொண்டு இடக்காதுக்குப் போகிறது. இந்தக் கால வேறுபாடு அதிக அளவாக ஏறத்தாழ 0.6 முதல் 0.7 மில்லிநொடிதான். கண் இமைக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால், மூளை இதைத் துல்லியமாக அளந்து திசையைக் கண்டுபிடித்துவிடுகிறது.

தலை ஒரு தடுப்பாகவும் செயல்படுகிறது. 5000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 சென்டிமீட்டர். அது தலையைவிடச் சிறியது. எனவே, மறுபக்கக் காதில் அந்த ஒலி மங்கலாகக் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ 7 மீட்டர். அதற்கு நம் தலை ஒரு பொருட்டே அல்ல. எளிதாக வளைந்து போய்விடும். அதனால்தான் ஆழ்ந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று நம்மால் எளிதில் சொல்ல முடிவதில்லை.

ஒலி கலக்கும் மேசை

ஒரு படத்தின் ஒலி மூன்று பெரும் பகுதிகளாகத் தயாராகிறது: வசனம், இசை, ஒலிவிளைவு. காலடி, கதவு, மழை, கத்தி உரசல் போன்றவை மூன்றாவது பகுதியில் அடங்கும். இவற்றைத் தனித்தனியே வைத்திருப்பதால்தான், இசையும் மழையும் மாறாமல் வசனத்தை மட்டும் வேறு மொழிக்கு மாற்ற முடிகிறது. ஒலிக்கலவைப் பொறியாளர் திரையரங்கு போன்ற ஓர் அறையில் அமர்ந்து, எந்த ஒலி எவ்வளவு உரக்க, எந்தத் திசையிலிருந்து வர வேண்டும் என்று தீர்மானிக்கிறார்.

தமிழ்த் திரையுலகம் இத்துறையில் பின்தங்கி இருந்ததில்லை. 1995-இல் வந்த 'குருதிப்புனல்' டால்பி சுற்றொலியுடன் வெளியான தொடக்ககால இந்தியப் படங்களில் ஒன்று. அதில் பாடல்களே இல்லை. பதற்றத்தை வசனமும் பின்னணி ஒலியும் அமைதியுமே சுமக்க வேண்டியிருந்தது. 2010-இல் வந்த 'எந்திரன்' படத்தின் ஒலி வடிவமைப்பில் பணியாற்றியவர் ரசூல் பூக்குட்டி. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிக்கலவைக்காக 2009-இல் இருவருடன் சேர்ந்து ஆஸ்கர் விருதைப் பெற்றவர் அவர். 2012-இல் 'சிவாஜி' படம் முப்பரிமாணத்தில் மீண்டும் வந்தபோது, டால்பி அட்மாஸ் முறைக்கு ஏற்ப அதன் ஒலி புதிதாகக் கலக்கப்பட்டது.

அட்மாஸ் முறையில் கூரையிலும் ஒலிபெருக்கிகள் உண்டு. "இந்த ஒலி இடப்பக்க ஒலிபெருக்கிக்கு" என்று எழுதுவதற்குப் பதிலாக, "இந்த ஹெலிகாப்டர் அறையின் இந்த இடத்தில் இருக்கிறது" என்ற தகவலை அனுப்பலாம். அரங்கில் உள்ள கருவி தன்னிடமுள்ள ஒலிபெருக்கிகளைக் கொண்டு அந்த இடத்தை உருவாக்கும். ஒரே நேரத்தில் 128 ஒலித்தடங்கள் வரை கையாளலாம்; 64 தனி ஒலிபெருக்கி வழிகள் வரை அனுப்பலாம்.

நடுவில் ஏன் ஒன்று?

வீடுகளில் பரவலாக உள்ளது 5.1 முறை. முன்னால் இடம், நடு, வலம், பக்கவாட்டில் சற்றுப் பின்னால் இரண்டு, ஆக ஐந்து. புள்ளிக்குப் பின் வரும் 1, ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஆழ்ந்த ஒலிக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட தடம்.

இட, வல ஒலிபெருக்கிகளில் ஒரே வசனத்தைச் சமமாக ஒலிக்கவிட்டால், நடுவில் அமர்ந்திருப்பவருக்கு அது நடுவிலிருந்து வருவதுபோல் தோன்றும். இது மூளை உருவாக்கும் தோற்றம். ஓரத்தில் அமர்ந்தவருக்கு இந்தத் தோற்றம் கலைந்து, வசனம் அருகிலுள்ள பெட்டியிலிருந்து வரும். நடு ஒலிபெருக்கி இருந்தால், யார் எங்கே அமர்ந்தாலும் வசனம் திரையிலேயே நிற்கும். அரங்கில் அந்தப் பெட்டி திரைக்குப் பின்னால் இருக்கிறது. ஒலி கடந்து வருவதற்காகத் திரையில் நுண்ணிய துளைகள் உண்டு.

பாட்டியின் சிக்கல் இப்போது புரிகிறதா? ஐந்து தடங்களையும் தொலைக்காட்சி இரண்டாகச் சுருக்கும்போது, வசனமும் வெடியும் ஒரே பெட்டிகளுக்குள் நெருக்கியடிக்கின்றன. உரத்த ஒலி மெல்லிய ஒலியை மறைத்துவிடுகிறது.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து

ஒரே ஒலி இரு இடங்களிலிருந்து சில மில்லிநொடி இடைவெளியில் வந்தால், காது முதலில் வந்ததையே திசையாக எடுத்துக்கொள்ளும். இந்த முந்துகை விளைவை ஹெல்முட் ஹாஸ் என்பவர் 1949-இல் விரிவாக ஆராய்ந்தார்.

30 மீட்டர் நீள அரங்கில் கடைசி வரிசையை நினைத்துப் பாருங்கள். குளிரூட்டப்பட்ட காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் எனக் கொள்வோம். திரையிலிருந்து ஒலி வர 87 மில்லிநொடி ஆகும். 3 மீட்டர் தொலைவிலுள்ள சுவர் ஒலிபெருக்கியிலிருந்து 9 மில்லிநொடி போதும். சும்மா விட்டால் பின்சுவர் முந்திக்கொள்ளும்; பார்வையாளர் திரும்பிப் பார்ப்பார். ஆகவே, சுவர் ஒலிபெருக்கிகள் வேண்டுமென்றே தாமதப்படுத்தப்படுகின்றன. திரை பந்திக்கு முந்த வேண்டும். சுவர் படைக்குப் பிந்த வேண்டும்.

வீட்டு ரிசீவர் ஒவ்வொரு பெட்டியின் தொலைவையும் கேட்பது இதற்காகத்தான். முன் ஒலிபெருக்கி 3 மீட்டரிலும், பக்க ஒலிபெருக்கி 1.6 மீட்டரிலும் இருந்தால் வேறுபாடு 1.4 மீட்டர். அதை 349-ஆல் வகுத்தால் 0.004 நொடி, அதாவது 4 மில்லிநொடி. பக்க ஒலியை அவ்வளவு நேரம் பிடித்து வைத்தால் இரண்டும் சேர்ந்து வந்து சேரும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: அளவு நாடா, கயிறு, கோணமானி.

1. நீங்கள் அமரும் இடத்திலிருந்து இட, வல ஒலிபெருக்கிகளுக்குள்ள தொலைவும், அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவும் சமமாக இருக்கட்டும். சமபக்க முக்கோணம் கிடைக்கும். ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 30 பாகையில் அமையும்.

2. நேர் எதிரே தொலைக்காட்சியை 0 பாகை எனக் கொண்டு, பக்க ஒலிபெருக்கிகளை 100 முதல் 120 பாகைக்குள் வையுங்கள். வரிசை வீடுகளில் சோபா பின்சுவரை ஒட்டியே இருக்கும். அதை அரை மீட்டர் முன்னே நகர்த்தினாலே வேறுபாடு தெரியும்.

3. நடு ஒலிபெருக்கி காதை நோக்கி இருக்கட்டும். அலமாரிக்குள் ஆழமாகத் தள்ளிவிடாதீர்கள்.

4. ஆழ்ந்த ஒலிப்பெட்டியை முதலில் நீங்கள் அமரும் இடத்திலேயே வைத்து இசையை ஒலிக்கவிடுங்கள். அறையைச் சுற்றித் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் ஒலி சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். ஒலிக்கும் இடமும் கேட்கும் இடமும் மாறினாலும் அலையின் பாதை மாறாது என்பதே இதன் அடிப்படை.

மூலையில் வைத்தால் ஆழ்ந்த ஒலி கூடும். ஆனால், நீண்ட அலைகள் பொதுச்சுவரையும் எளிதில் கடக்கும். பக்கத்து வீட்டாருக்கு வசனம் கேட்காது, 'தும் தும்' மட்டும் கேட்கும். பெட்டியை அந்தச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது நல்லது. இரவில் ரிசீவரிலோ தொலைக்காட்சியிலோ உள்ள இரவுநிலை வசதியைப் பயன்படுத்துங்கள். அது உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும்.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்பது பாதுகாப்பானது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 டெசிபலுக்கு 20 மணி நேரம்தான். சரியான இடத்தில் வைத்த பெட்டி, குறைந்த ஒலியிலேயே தெளிவாகப் பேசும். புதுப் பெட்டி வாங்கும் முன், இருக்கும் பெட்டியை நகர்த்திப் பார்த்துவிட்டுப் பாட்டியைக் கேளுங்கள். வசனம் புரிகிறதா என்பதை அவரே சொல்லட்டும்.

சிந்திக்க

1. முன் ஒலிபெருக்கி 2.8 மீட்டரிலும், பக்க ஒலிபெருக்கி 1.05 மீட்டரிலும் உள்ளன. தாமதம் எவ்வளவு?
2. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அரை அலைநீளம் அடங்கும்போது ஆழ்ந்த ஒலி சில இடங்களில் பெருகும். 5 மீட்டர் நீள அறையில் அது எந்த அதிர்வெண்ணில் நிகழும்?

விடைகள்: 1. ஏறத்தாழ 5 மில்லிநொடி. 2. ஏறத்தாழ 35 ஹெர்ட்ஸ்.